குரல் சரியாகக் கேட்கவில்லை

“பாட்டு பிரமாதம் சார். ஆனா குரல்தான் சரியா கேக்கலை” என்றார் காசாளர்.

அவ்வளவுதான். ஸ்வரம் சாருக்குக் காது மடல் வரை சூடேறிவிட்டது.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவர் புகார்ப் பிரிவுக்குத் தலைவர். ஊரில் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அவரிடம்தான் கத்துவார்கள். “எங்க பக்கம் ஒரு தப்பும் இல்லைங்க. நீங்க பட்டனை அழுத்தின விதம் அப்படி” என்று பதில் சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவர். அப்படிப்பட்டவர் மேலேயே ஒரு புகாரா?

வீட்டில் கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் உட்கார்ந்து, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்து, திங்கட்கிழமை காலையில் அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். அதனால் வந்த பட்டப்பெயர்தான் ஸ்வரம். அதில் இருந்த கிண்டல் அவருக்கு எட்டவே இல்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார்.

“குரல்ல என்ன குறையைக் கண்டீங்க?”

“மங்கலா இருக்கு சார். உன்னிப்பா கேட்டாலும் பாதி வார்த்தை புரியலை. எங்க வீட்லயும் கேட்டாங்க. அவங்களுக்கும் புரியலையாம்.”

“வீட்லயும் போட்டுக் காட்டறீங்களா?”

“திரும்பத் திரும்பப் போடச் சொல்றாங்க சார்.”

கோபத்துக்கு நடுவிலும் ஸ்வரம் சாருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இவ்வளவு ரசிகர்கள் இருக்கும்போது குரல் மங்கலாக இருந்தால் அது யார் குற்றம்? நிச்சயமாகத் தன் தொண்டையின் குற்றம் இல்லை.

உடனே சகலைக்குப் போன் போட்டார். மனைவியின் தங்கை வீட்டுக்காரர். எந்தக் கருவியைப் பற்றிக் கேட்டாலும் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சொல்வார்.

“பெட்டியை மாத்துங்க அண்ணா” என்றார் சகலை. “மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வெச்சிருக்கீங்க பாருங்க, அதான் வில்லன். உங்க குரலை மென்னு துப்பிட்டிருக்கு.”

“அதானே பார்த்தேன்! அந்தப் பெட்டியை முதல் நாளே எனக்குப் பிடிக்கலை.”

மறுநாள் மதிய இடைவேளையில் ஸ்வரம் சார் கடைக்குப் போனபோது, சகலை அவருக்கு முன்பே வந்து நின்றிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை.

“ஆபீஸ்ல விட்டாங்களா?”

“இந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது அண்ணா” என்ற சகலை, கடைக்காரரிடம் வரிசையாகக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கடைக்காரர் ஸ்வரம் சாரைப் பார்த்து, “எத்தனை மைக் சொருகணும் சார்?” என்றார்.

“எனக்கு ஒரு வாய்தான்யா இருக்கு!”

சிவப்புக் குமிழ் வைத்த பெட்டி ஒன்றை வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை குமிழை முழுக்கத் திருகிவிட்டு, அடிவயிற்றிலிருந்து பாடினார். பாதிப் பாட்டில் மனைவி கதவைத் திறந்தாள்.

“ஏங்க, தங்கச்சி லைன்ல இருக்கா. உங்ககிட்ட ஒரு விஷயம்...”

“ரெக்கார்டிங்!”

“ரெண்டு நிமிஷம் கேட்டா என்ன?”

“உலகமே என் குரல் கேக்கலைன்னு கதறுது. உனக்கு இப்பத்தான் விஷயம் வருதா?”

மனைவி கதவைச் சாத்திக்கொண்டு போனாள். அவர் விட்ட அடியிலிருந்து மறுபடி தொடங்கினார்.

திங்கட்கிழமை, தட்டச்சு செய்யும் அம்மையார் அவர் மேசைக்கே வந்துவிட்டார்.

“சார், தப்பா நினைக்காதீங்க. போன தடவையே தேவலை. இப்ப பாட்டுதான் பெருசா கேக்குது. குரல் அதுல அமுங்கிப் போச்சு.”

“பாட்டுன்னாலே குரல்தானேம்மா?”

அந்த அம்மையார் சற்று விழித்தார். “அப்படியும்... சொல்லலாம் சார்.”

ஸ்வரம் சார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போனார். “இது பெட்டியா, இல்ல தகர டப்பாவா? குரலை அமுக்குது!”

கடைக்காரர் பெட்டியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “பெட்டி நல்லாத்தான் சார் இருக்கு. நீங்க குமிழைத் திருகின விதம் அப்படி.”

தன் வாழ்நாளில் இப்படி ஓர் அநியாயமான பதிலை யாரும் யாருக்கும் சொல்லியிருக்க முடியாது என்று ஸ்வரம் சாருக்குத் தோன்றியது. மேசையைத் தட்டினார். முதலாளியைக் கூப்பிடச் சொன்னார். அன்றைக்கும் அங்கே வந்திருந்த சகலைதான் இடையில் புகுந்து சமாதானம் செய்து, வெள்ளி நிறத்தில் இன்னொரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

“இதுல ஊசி விழுந்தாலும் கேக்கும் அண்ணா. கத்த வேண்டாம். மைக்கைத் தள்ளி வெச்சு, மெதுவா பாடுங்க. இசையையும் குறைங்க.”

அப்படியே பாடினார். மழையைப் பார்த்துக் குதிக்கிற பாட்டு.

திங்கட்கிழமை அலுவலகமே அவரைச் சூழ்ந்துகொண்டது.

“அபாரம் சார்!” என்றார் காசாளர். “ஒவ்வொரு வார்த்தையும் கண்ணாடி மாதிரி இருந்தது. எங்க வீட்ல அழுதுட்டாங்க.”

மழைப் பாட்டுக்கு எதற்கு அழ வேண்டும் என்று ஸ்வரம் சாருக்குப் புரியவில்லை. ஆனால், மேதைகள் குதித்தாலும் ரசிகர்கள் அழத்தான் செய்வார்கள் என்று விட்டுவிட்டார்.

“முக்கியமான இடத்துல பொசுக்குன்னு முடிச்சிட்டீங்களே சார்” என்று குறைப்பட்டார் தட்டச்சு அம்மையார். “இன்னும் கொஞ்ச நேரம் போயிருக்கலாம்.”

அதுவரை அவர் பாட்டைப் பற்றி வாயே திறக்காத மேலாளர்கூட அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார்.

“அடுத்தது எப்ப வரும்?”

“ஞாயித்துக்கிழமை சார்!”

“நல்லது. அந்தப் புல்லாங்குழலை மட்டும் தூக்கிடுங்க. சரியான நேரத்துல வந்து கெடுக்குது.”

ஸ்வரம் சார் கால் தரையில் படாமல் வீடு வந்து சேர்ந்தார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அரைகுறையாக விடலாமா? மறுநாள் அலுவலகத்துக்கு விடுப்புச் சொன்னார். சகலை பஞ்சுப் பலகைகளோடு காலையிலேயே வந்து, சாயங்காலம் வரை சுவரெல்லாம் ஒட்டினார். கதவுக்குப் பழைய மெத்தையை ஆணி அடித்து மாட்டினார்.

“உங்களுக்கு வேலை கெட்டுப் போகலையே?” என்றார் ஸ்வரம் சார்.

“லீவு நிறைய சேர்ந்து கிடக்கு அண்ணா.”

மனைவி சகலைக்குத் தட்டில் இரண்டாம் முறையும் சோறு போட்டு, “நல்லா சாப்பிடுங்க” என்று என்றுமில்லாத பரிவோடு சொன்னாள். கணவன் பக்கம் திரும்பி, “உங்களுக்கு எதுவுமே தோணலையா?” என்றாள்.

“தோணுது. இன்னொரு மெத்தை கிடைச்சா ஜன்னலுக்கும் அடிச்சிடலாம்.”

அந்த ஞாயிறு பதிவான பாட்டில் ஒரு தூசு இல்லை. காற்று இல்லை, தெரு இல்லை, வீடு இல்லை. அவர் குரல் மட்டும் நடுநாயகமாக நின்றது. புல்லாங்குழலையும் எடுத்துவிட்டார். தன் குரலைத் தானே கேட்டுக் கண் கலங்கினார்.

திங்கட்கிழமை காலை குழுவில் போட்டார். பத்து மணியாயிற்று; யாரும் வாயைத் திறக்கவில்லை. காசாளர் தலையைக் குனிந்துகொண்டே கடந்து போனார். பிறகு குழுவில் முதல் செய்தி வந்தது. மேலாளர்தான்: “குரல் எங்கே?”

அதன் பின்னால் படபடவென்று வந்து விழுந்தன. குரலே இல்லையே சார். என்ன சார் இப்படி ஏமாத்திட்டீங்க. ஒரு வாரமா காத்திருந்தோம் சார்.

ஸ்வரம் சார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வரவேற்பு மேசைக்கு எதிரில் எல்லோருக்கும் கேட்கும்படி நின்றார்.

“குரலே இல்லையா? தொண்டை கிழியப் பாடியிருக்கேன்! பெட்டி மேல பெட்டியா மாத்தி, சுவத்துக்கெல்லாம் பஞ்சு ஒட்டி, படுக்கிற மெத்தையைக் கதவுல மாட்டிப் பாடியிருக்கேன்! என் குரலைத் தவிர அதுல வேற ஒண்ணுமே இல்லை! உங்களுக்கெல்லாம் காதுன்னு ஒண்ணு இருக்கா, இல்லையா?”

தட்டச்சு அம்மையார் விசைப்பலகையைத் துடைக்க ஆரம்பித்தார். மேலாளரின் கதவு கொஞ்சமாகத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டது.

கடைசியில், புதிதாகச் சேர்ந்திருந்த வரவேற்பாளப் பெண்தான் பொறுக்க முடியாமல் எழுந்தாள்.

“உங்க குரலை யாரு சார் கேட்டா? பின்னால மேடம் அவங்க தங்கச்சிகூட போன்ல பேசிட்டிருப்பாங்களே, அந்தக் குரல் சார்! உங்க சகலை தனக்கு வேலை போனதைத் தன் வாயால வீட்ல சொல்லிட்டாரா இல்லையான்னு தெரியாம எங்க யாருக்கும் இங்க வேலையே ஓடலை!”