மேஸ் அன்ரியும் கோடு போட்ட கால்களும்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தே ஆளை நினைவு வைத்திருக்கும் ஒரே மனுசி எங்கள் மேஸ் அன்ரிதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார். சப்பாத்துக்குள் போடுகிற மேஸ், அந்தக் காலுறைதான் அவருக்கு உலகம். அதுவும் அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் முழங்கால் வரை இழுத்துப் போட்ட, கோடும் கட்டமும் பூவும் வைத்த மேஸ். அஜின்கோர்ட்டில் அவருடைய பேஸ்மென்ருக்குப் போனால் தேத்தண்ணிக்கு முன்னர் பழைய புகைப்படங்கள் வரும்.

"முகத்தை விடும். உந்தப் பிள்ளையின்ர காலைப் பாரும்" என்பார்.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் ஆண்டுவிழாவுக்குப் பழைய ரொறன்ரோவைப் பற்றி ஒரு நாடகம் போட்டோம். உடுப்புப் பொறுப்பு அன்ரிக்கு. கவுன், தொப்பியெல்லாம் சட்டென்று தைத்துவிட்டார். மேஸ் மட்டும் முடிந்தபாடில்லை. சிவப்பும் கறுப்புமாகப் பின்னுவார், ஒரு கோடு சரிந்தால் முழுவதையும் அவிழ்ப்பார். சப்பாத்துக்குள் மறைகிற பாதத்துக்கும் எதற்கு அன்ரி கோடு என்று கேட்டுவிட்டேன். வந்ததே கோபம்.

"தன்ர காலிலை என்ன கிடக்கு எண்டு பிள்ளைக்குத் தெரியும்தானே."

அவிழ்த்த நூலை நான் சுற்றிக் கொடுத்தேன்.

என் கவலை வேறு. போன வருடம் மேடையேறியதும் அழுதுகொண்டு ஓடிவந்தவள் என் மகள் துளசி. இந்த முறை ஒரேயொரு வசனம். அதையும் சொல்ல முடியாமல் போனால் இனி வகுப்புப் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லியிருந்தாள்.

மேடையில் ஒரு வீட்டு வாசல். துளசி வந்தாள். வாசலைக் கண்டதும் பழக்க தோஷம், குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். சப்பாத்தோடு வீட்டுக்குள் வந்தால் நான் போடுகிற சத்தம் அப்படி. மண்டபமே சிரித்தது. பிள்ளையின் உதடு பிதுங்கியது.

முன்வரிசையில் இருந்த அன்ரி எழும்பினார். தன் சப்பாத்தைக் கழற்றினார். காஞ்சிபுரம் பட்டைக் கணுக்காலுக்கு மேலே தூக்கினார். அதே சிவப்பு, அதே கறுப்பு! மிச்ச நூலில் தனக்கும் ஒரு சோடி பின்னியிருக்கிறார் மனுசி.

துளசி அந்தக் காலைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், சிரித்தாள். பிறகு கடைசி வரிசைக்கும் கேட்கும்படி தன் வசனத்தைச் சொன்னாள்.

"அம்மா, அப்பா வந்திட்டார்."

பட்டுச் சீலைக்குக் கோடு போட்ட மேஸா என்று பின்னால் யாரோ நக்கலடித்தார்கள். எனக்கென்றால் ஓடிப்போய் அந்தக் கால்களில் விழவேண்டும்போல் இருந்தது.