வாசலில் மூன்று கறிவேப்பிலைத் தொட்டிகள்

பூச்சி வாலைத் தூக்கி, தலையைத் தாழ்த்தி, இலைமேல் சாய்வாக நின்றது. பல் துலக்கிக்கொண்டே வாசலுக்கு வந்த ரத்னவேல் துலக்குவதை நிறுத்தினார்.

எள்ளளவுதான் இருக்கும். ஆனால் இப்படி நிற்கும் பூச்சி எது என்று அவருக்குத் தெரியும். துவாஸ் எல்லைச் சாவடியில் இறக்குமதிச் செடிகளைச் சோதிக்கும் அதிகாரியாக இருபத்திரண்டு வருடமாக இருப்பவர். அது கறிவேப்பிலையில் குடியிருக்கும். எலுமிச்சையிலும் ஆரஞ்சிலும் சாறு உறிஞ்சும்போது மரத்துக்கு மரம் ஒரு பாக்டீரியாவைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இலை மஞ்சளாகும், காய் கசந்து உதிரும். மருந்து கிடையாது, மரத்தைப் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். தன் கண்ணைத் தாண்டி ஒரு பூச்சிகூட இந்த ஊருக்குள் நுழைந்ததில்லை என்பதுதான் ரத்னவேலின் பெருமை. அந்தப் பூச்சி இப்போது சுவா சூ காங் அடுக்குமாடியில், அவர் வீட்டு வாசலில், ஒரு புதுத் தொட்டியில் நிற்கிறது.

மனைவி வைதேகி போன வாரம்தான் மதுரையிலிருந்து திரும்பியிருந்தாள். பெட்டிக்குள், புடவைகளுக்கு நடுவே, ஈரத்துணி சுற்றிய கன்று ஒன்று அவர் மனக்கண்ணில் தெளிவாகத் தெரிந்தது. அவள் பாலர் பள்ளிக்கு வேலைக்குப் போயிருந்தாள். போன் போட்டுக் கேட்கலாம். கேட்டால் ஒப்புக்கொள்வாள். ஒப்புக்கொண்டால் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் மேலதிகாரியிடம் சொல்லியாக வேண்டும். அப்புறம் அவள் பெயர் கெடும், அவர் வேலையும் போகும். ஆகவே கேட்காமல் இருப்பதே குடும்பத்துக்கு நல்லது என்று விதிமுறைகளைக் கரைத்துக் குடித்தவர் முடிவெடுத்தார்.

தொட்டியைக் கறுப்புப் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டி நிமிர்ந்தால், பக்கத்து வீட்டு வாசலிலும் அதே மாதிரித் தொட்டி. அதற்கடுத்த ரத்தினம்மா வீட்டிலும் ஒன்று. கன்று பிரித்துக் கொடுத்திருக்கிறாள். வைதேகிக்குத் தாராள மனசு.

பக்கத்து வீட்டு சம்சுன்னிசாவிடம் பூச்சி என்று சொன்னால், எங்கிருந்து வந்தது என்று கேட்பார். அதனால் வாயில் வந்ததைச் சொன்னார்.

"வைதேகிக்கு சுகர் வந்திருக்குக்கா. தினமும் வெறும் வயித்துல கறிவேப்பிலை சாப்பிடணுமாம். உங்க தொட்டியையும் குடுத்தீங்கன்னா உதவியா இருக்கும்."

சம்சுன்னிசா கண்கலங்கித் தொட்டியைக் கொடுத்தார். ரத்தினம்மாவும் கொடுத்தார். ரத்னவேல் மூன்று பைகளையும் கூடத்தில் வரிசையாக வைத்துவிட்டு அரைமணி நேரம் நிம்மதியாக இருந்தார்.

அதற்குள் சம்சுன்னிசா புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டிருந்தார். பதினோரு மணிக்கு ஏழாம் மாடியிலிருந்து ஒரு கட்டு கறிவேப்பிலை வந்தது. யாருடைய தங்கையோ குவீன்ஸ்டவுனிலிருந்து இன்னொரு கட்டு அனுப்பினார். நான்காம் மாடி மிஸஸ் லிம், உடம்புக்கு ரொம்ப நல்லது லா என்று, காய்த்துக் குலுங்கும் லீமாவ் கஸ்தூரிச் செடியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எலுமிச்சைச் சாதிச் செடி. வேண்டாம் என்று சொல்ல ரத்னவேலுக்கு மனம் வரவில்லை.

மிஸஸ் லிம்மை லிஃப்ட் வரை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது கூடத்தில் ரத்தினம்மா நின்றிருந்தார். செடிகள் மூச்சுவிட முடியாமல் தவிக்கின்றன என்று இரக்கப்பட்டு மூன்று பைகளையும் அவிழ்த்திருந்தார். லீமாவ் இலையில் ஒரு பூச்சி வாலைத் தூக்கி நின்றது.

ரத்தினம்மாவை அனுப்பிவிட்டு ரத்னவேல் நாற்காலியில் உட்கார்ந்தார். பூச்சி நாடு தாண்டும் விதத்தைப் பற்றி எத்தனையோ வகுப்பு எடுத்திருக்கிறார். கெட்டவன் யாரும் அதைக் கொண்டுவருவதில்லை, யாரோ யார்மேலோ வைத்த பிரியத்தோடுதான் அது ஏறி வருகிறது என்பதை மட்டும் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. இனி மறைத்தால், எங்கோ ஆரஞ்சு போட்டவனின் தோட்டம் எரியும். அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. மேலதிகாரி அப்துல் கஃபாரை அழைத்தார்.

"சார், என் வீட்டுல அந்தப் பூச்சி இருக்கு. ஊர்லேருந்து வந்த செடி. நான்தான் கொண்டுவந்தேன்."

மனைவி பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. எதையும் தொட வேண்டாம், ஜன்னலைச் சாத்துங்கள், வந்துகொண்டிருக்கிறேன் என்றார் அவர்.

ஜன்னல்களைச் சாத்தி முடிக்கும்போது வைதேகி வந்தாள். சம்சுன்னிசா அவள் கையைப் பிடித்து, நிற்காதே, உட்கார் என்று தாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு எப்போது சுகர் வந்தது என்று வைதேகி கேட்டுக்கொண்டே நுழைந்தாள்.

"மதுரையிலேருந்து செடி கொண்டுவரலாமா வைதேகி?" என்றார் ரத்னவேல். "சரி, போகட்டும். நான்தான் கொண்டுவந்தேன்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன்."

சம்சுன்னிசாதான் பதில் சொன்னார்.

"மதுரையா? நாங்க மூணு பேரும் சேர்ந்து இங்க தேக்கா மார்க்கெட்டுல வாங்கினது தம்பி. பூச்சிகீச்சி இருக்குமோன்னு எனக்குத்தான் பயம். கடைக்காரரு ஜொகூர்லேருந்து துவாஸ் வழியா வந்த அந்த லோடோட செக்கிங் பேப்பரை எடுத்துக் காட்டினாரு. அடியில உங்க கையெழுத்து இருந்துச்சு, அதைப் பார்த்துட்டுத்தான் வாங்கினோம்."