'ஏதோ'வுக்கு எத்தனை மதிப்பெண்?

ஒரு காட்டில் மழை பெய்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. அந்த வருடம்தான் அந்தக் காட்டின் ராஜா சிங்கம் வெளிக்காட்டு மாநாடு ஒன்றுக்குப் போய்ப் புதுத் தெளிவோடு திரும்பியது. தண்ணீரையும் புல்லையும் அளப்பது பழைய காலத்து வேலையாம். இனி மகிழ்ச்சியைத்தான் அளக்க வேண்டுமாம்.

அளப்பதற்கு, அயல்காட்டில் பட்டம் வாங்கிய கரடியை நியமித்தார்கள். கரடி ஒரு படிவம் தயாரித்தது. கேள்வி ஒன்றே ஒன்று: 'எப்படி இருக்கிறீர்கள்? பூச்சியத்திலிருந்து பத்துக்குள் சொல்லவும்.' சராசரி நாலுக்குக் கீழே போகும் பகுதிக்கு ஒரு வாய்க்கால் வெட்டித் தரப்படும் என்று முரசறைந்தார்கள்.

தெற்குப் பள்ளத்து நீர்நாய் பொன்னுருவிக்கு அந்த வாய்க்கால் வேண்டும். அவளுடைய மடு வற்றி, நடுவில் ஒரு பாய் அகலத்துக்குச் சேறுதான் மிச்சம். மூன்று குட்டிகளும் அதில் புரண்டு புரண்டு உடம்பை ஈரமாக வைத்திருந்தன. கடைக்குட்டி இரண்டு நாளாகப் புரள்வதையும் நிறுத்திவிட்டது. பள்ளத்தில் மற்றவர்கள் எல்லாரும் கிளம்பிப் போயாயிற்று. ஆகவே தெற்குப் பள்ளத்தின் சராசரி என்றால் அது பொன்னுருவிதான்.

"பூச்சியம்னா நம்ப மாட்டாங்க. ரெண்டுன்னு சொல்லிடறேன்" என்று குட்டிகளிடம் சொல்லி வைத்தாள். தனியாக இருக்கும்போதும் "ரெண்டு, ரெண்டு" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கணக்கெடுக்க வந்தது ஒரு மரங்கொத்தி. தொடுதிரையைத் தட்டும் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான அலகு அந்தக் காட்டில் இல்லை. வெயிலில் பறந்து வந்ததில் அதற்கு மூச்சு வாங்கியது.

"எப்படி இருக்கீங்கக்கா?"

வாசலுக்கு வந்தவர் கேட்டால், வாய் தன்பாட்டுக்குப் பதில் சொல்லிவிடுகிறது. "ஏதோ இருக்கோம் தம்பி. இப்படி நிழலுக்கு வாங்க. சாப்பிட்டீங்களா?"

மரங்கொத்தி திரையை மேலும் கீழும் பார்த்தது. பூச்சியம் இருந்தது, பத்து இருந்தது. 'ஏதோ' இல்லை.

"ஐயோ, அது சும்மா வாய் வார்த்தை தம்பி. ரெண்டுன்னு போட்டுக்குங்க."

"முடியாதுக்கா. முதல்ல வர்ற பதில்தான் மனசுலேர்ந்து வர்றது, ரெண்டாவது யோசிச்சுச் சொல்றதுன்னு கையேட்டுல இருக்கு. இருங்க, ஆபீஸ்ல கேக்கறேன்."

போனில் பதிலைக் கேட்டுக்கொண்ட கரடி விசாரித்தது.

"குறை ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல சார்."

"இருக்கோம்னு சொன்னாங்கல்ல? அப்ப இருக்காங்க. ஆறு போடு. வேற என்ன சொன்னாங்க?"

"சாப்பிட்டியான்னு கேட்டாங்க சார்."

"பாத்தியா, அக்கம்பக்கத்தோட நல்ல உறவு. ஏழு."

ஏழு என்றால் பொன்னுருவிக்கு வாய்க்கால் கிடையாது. கெஞ்சிப் பார்க்கலாம் என்று நினைத்தாள். வெறுங்கையோடு எப்படிக் கெஞ்சுவது? குட்டிகளுக்கென்று ஒளித்து வைத்திருந்த ஒரே ஒரு காய்ந்த கெண்டையை இலையில் வைத்து நீட்டினாள்.

"நான் மீன் தொடறதில்லக்கா" என்று கூச்சத்தோடு சொன்ன மரங்கொத்தி, நேர்மையான ஊழியர் என்பதால் அதையும் போனில் சொல்லிவிட்டது.

"அடுத்தவனுக்குக் குடுக்கற அளவுக்கு மிச்சம் இருக்கா? ஒம்பது போடு" என்றது கரடி.

"தம்பி, என் கடைக்குட்டி செத்துக்கிட்டிருக்கு" என்றாள் பொன்னுருவி.

மரங்கொத்திக்குக் கண் கலங்கியது. "அது தண்ணிப் படிவத்துல வரும்க்கா. அதை இந்த வருஷம் நிறுத்திட்டாங்க."

அன்று மாலையே மரங்கொத்தி ராஜகுளத்துக்குப் போனது. அங்கே கழுத்தளவு தண்ணீரில் எருமை படுத்திருந்தது. நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் கண் பட்டுவிடும் என்பது எருமையின் பயம். "என்னத்தச் சொல்ல. முட்டி வலி. நேத்து தாமரைத்தண்டு வேற கசந்துச்சு. ஒண்ணு போட்டுக்கோ."

வாய்க்கால் ராஜகுளத்துக்குப் போனது. தண்ணீருக்கு எங்கே போவது? மகிழ்ச்சி அதிகமாக இருக்கும் இடத்திலிருந்து எடுப்பதுதானே முறை? பொன்னுருவியின் சேற்றுக்கு அடியில் கசிந்துகொண்டிருந்த ஊற்றைத் தோண்டி அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பதிலுக்குத் தெற்குப் பள்ளத்துக்கு ஒரு பலகை கிடைத்தது: 'காட்டிலேயே மகிழ்ச்சியான பகுதி.' சேறு இருந்த இடத்தில் மண் இன்னும் இளக்கமாக இருந்ததால், பலகையைச் சுலபமாக நட முடிந்தது.

மறுநாள் விடிந்ததும் பொன்னுருவி வடக்கே கிளம்பினாள். மூன்று குட்டிகளில் இரண்டு நடந்தன. மூன்றாவதை வாயில் கவ்விக்கொண்டாள். இனிக் கவ்வ வேண்டியதில்லை என்று தெரிந்த பிறகும் கொஞ்ச தூரம் கவ்விக்கொண்டே போனாள்.

அடுத்த வருடக் கணக்கெடுப்புக்கு மரங்கொத்தி வந்து மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தது. பிறகு போன் போட்டது.

"யாரும் ஒண்ணும் சொல்லல சார்."

"ஒரு குறைகூடவா இல்ல? பத்து போடு."

நீதி: நலம் விசாரிக்க வருகிறவரிடம் மரியாதையாக நடந்துகொள்ளக் கூடாது, எழுதிக்கொள்வார்.