நான் தளர்த்திய கிளச் கேபிள்

என் மனைவி சேதுலட்சுமியை ஊருக்கு அனுப்புவதில்லை என்று அன்று காலை உறுதி பூண்டேன். உறுதியை அவளிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்ன உறுதி எதுவும் இதுவரை உறுதியாக நின்றதில்லை.

கோயம்புத்தூரில் மகள் கோகிலாவுக்கு இரண்டாம் பிரசவம். தாய் துணைக்குப் போக வேண்டும், மூன்று மாதம். களத்தில் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருந்ததால் நான் நகர முடியாது. சென்ற முறை அவள் பத்து நாள் போயிருந்தபோது, தொலைக்காட்சியில் செய்தி வாசிக்க வந்த பெண் வணக்கம் சொன்னாள். நான் எழுந்து நின்று பதில் வணக்கம் சொன்னேன். அன்று முழுவதும் நான் பேசியது அவ்வளவுதான். மூன்று மாதம் என்றால் மிளகாயோடு பேசத் தொடங்கிவிடுவேன்.

இராமநாதபுரம் ரயிலடிக்கு எங்கள் பழைய ஜீப்பில்தான் போக வேண்டும். அவள் குளிக்கப் போன நேரத்தில் பானட்டைத் திறந்து, கிளச் கேபிளின் நட்டை நன்றாகத் தளர்த்தினேன். இனி மிதியை எவ்வளவு அழுத்தினாலும் கிளச் முழுதாக விடாது, கியரும் விழாது.

மதியம் பெட்டியோடு வந்து ஏறினாள். கியரைப் போட்டேன். பல்லோடு பல் உரசி ஜீப் அலறியது. இயன்ற அளவு துயரத்தை முகத்தில் வரவழைத்துக்கொண்டேன்.

"கியர்பாக்ஸ் போச்சு, சேது."

"எஞ்சினை அணைங்க. இப்பப் போடுங்க."

போட்டேன். சத்தமின்றி விழுந்து தொலைத்தது.

"அணைச்சா விழுகுது, ஓடுனா உரசுதா?"

"அதான் கியர்பாக்ஸ் போனதுக்கு அடையாளம்."

"கிளச் மிதி என்னமோ தொளதொளன்னு இருக்கே?"

"கியர்பாக்ஸ் போனா மிதிக்கும் மனசு விட்டுப்போயிரும்."

இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த ஜீப்பின் ஒவ்வொரு முனகலையும் பக்கத்து இருக்கையிலிருந்து கேட்டவள் என்னை ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

"சரி பண்ண எத்தனை நாளாகும்?"

"உள்ள பல்லெல்லாம் மாத்தணும். பழைய வண்டி, சாமான் மதுரையிலகூடக் கிடைக்காது. மூணு மாசம் ஆயிரும்."

"அப்ப நான் அப்துல் ஹமீது அண்ணன் ஆட்டோவுல போயிக்கிறேன்."

ஆட்டோ என்ற ஒன்று உலகில் இருப்பதை நான் மறந்திருந்தேன்.

"திரும்பி வாரப்பத்தான் சங்கடம்," என்று தொடர்ந்தாள். "விடிகாலை ரயில்ல வந்து இறங்குனா ஆட்டோ கிடைக்காது. அண்ணன் தொழுகைக்குப் போயிருவாரு. நீங்க கூப்பிட வரணும்னா வண்டி வேணும். கியர்பாக்ஸ் சரியாகட்டும், அப்புறமா வாரேன். அதுவரைக்கும் அங்கனயே இருக்கேன்."

"அதான் மூணு மாசத்துல சரியாயிருமே!"

"சாமானே கிடைக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க? ஆறு மாசம்கூட ஆகும். பேரப்பிள்ளை தவழுறதையும் பாத்துட்டு வந்துர்றேன்."

ஆறு மாதம். செய்தி வாசிக்கும் பெண் கண்முன் வந்து கைகூப்பினாள்.

"இரு சேது. எதுக்கும் ஒருதடவை பாத்துர்றேன்."

ஸ்பேனரோடு பானட்டுக்குள் தலையை விட்டேன். நட்டை முடுக்கினேன். எஞ்சினைக் கிளப்பிக் கியரைப் போட்டேன். விழுந்தது. முழுதாக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"கியர்பாக்ஸுல ஒண்ணுமில்ல! கேபிள்தான் தளந்திருந்துச்சு!"

"கெட்டிக்காரருதான். எந்த நட்டுன்னு தேடக்கூட இல்லையே நீங்க. ஏறுங்க, ரயிலுக்கு நேரமாச்சு."

வழியில் உச்சிப்புளி தாண்டியதும் எனக்கு ஆட்டோ நினைவு வந்தது.

"அப்துல் ஹமீதுக்குப் போன் போட்டு, வர வேணாம்னு சொல்லிரு."

"அவரு எங்கிட்டு வர? தங்கச்சி மகளுக்குக் கல்யாணம்னு குடும்பத்தோட புதுமடத்துல இருக்காரு. மூணு நாளா ஆட்டோவே எடுக்கல."

ரயில் சரியான நேரத்துக்கு வந்தது. சரியான நேரத்துக்கு அவளை ஏற்றிக்கொண்டும் போய்விட்டது. வெற்று இருக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பினேன். வீடு வரை அத்தனை கியரும் முதல் தொடுதலிலேயே விழுந்தன.

சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை.