ஏழு மேசைப் பாட்டுப் பள்ளி

எங்கள் தெருவில் தையல் கடைக்கு மேலே இருந்த மாடி காலியானபோது, அங்கே ஒரு பாட்டுப் பள்ளி வருவது என்று முடிவானது. முடிவு செய்தவர், ஆவணக் காப்பகத்தில் முப்பத்து நாலு வருடம் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அவருக்குப் பாட்டு வராது. அதனால்தான் பள்ளியை நடுநிலையோடு நடத்த முடியும் என்று அவரே சொன்னார். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது.

திறப்பு அன்று கூடியிருந்த பெற்றோரிடம் அவர் பேசினார்.

"போன வருஷம் ஒரு கச்சேரிக்குப் போனேன். ஒரே ஆள் ரெண்டு மணி நேரம் ஏழு சுரத்தையும் தானே பாடறார். வேர்த்து ஊத்துது பாவம். எங்க ஆபீஸ்ல கடிதத்தை வாங்கறவர் வாங்குவார், பதியறவர் பதிவார், முத்திரை போடறவர் போடுவார். ஒருத்தரே எல்லாத்தையும் செஞ்சா, தப்பு நடந்தா யாரைப் பிடிக்கிறது?"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பக்கத்தில் இருப்பவர் தட்டும்போது சும்மா இருக்க எனக்குக் கூச்சம்.

இப்படியாக, ஒரு பிள்ளைக்கு ஒரு சுரம் என்னும் புதிய கல்வி முறை தொடங்கியது. கூடத்தைப் பலகையால் தடுத்து ஏழு மேசை போட்டார்கள். ச, ரி, க, ம, ப, த, நி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்ப்பலகை. ஓரத்தில் ஓர் அடி உயர மரமேடையில் எட்டாவதாக 'மேல் ச' மேசை. அதில் யாரும் இல்லை. "மேலிடம் காலியா இருந்தாத்தான் கீழே ஒழுங்கு இருக்கும்" என்றார் பெரியவர்.

என் மகளுக்கு எட்டு வயது. கைக்குழந்தையாக இருக்கும் தன் தம்பியை அவள்தான் மத்தியானத்தில் பாடித் தூங்க வைப்பாள். எனக்கும் அந்தப் பாட்டு தெரியும். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமே என்று வாய் திறக்க மாட்டேன். சேர்க்கை அன்று அவள் அந்தப் பாட்டை முழுதாகப் பாடினாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார்.

"அடடா. ஏழும் வருதே."

"ஆமாங்க ஐயா" என்றேன், பெருமையை அடக்கிக்கொண்டு.

"கவலைப்படாதீங்கம்மா. சின்ன வயசுதானே, நாலே மாசத்துல சரி பண்ணிடலாம். இப்ப 'ம'லதான் காலியிடம் இருக்கு."

"எனக்கு 'ம' வேண்டாம் தாத்தா" என்றாள் மகள்.

"விருப்பம் கேட்டா எல்லாரும் 'ச'வுக்குத்தான் வருவாங்க. ஒரு வருஷம் 'ம' பாரு. பணிமூப்பு வரட்டும், 'ப'வுக்கு மாத்தித் தரேன்."

'ச' மேசையில் எதிர்வீட்டு அக்காவின் மகன் உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து அக்கா தெருக்குழாயில் வரிசையில் நிற்பதில்லை. நேராக முன்னால் போய்க் குடத்தை வைப்பார். "ஏம்மா, உன் பொண்ணு எதுல இருக்கா?" என்று தெரியாத மாதிரி கேட்பார். "ம" என்று நான் சொன்னால், "மத்தியில இருக்கறதும் நல்லதுதான், சேதாரம் இல்ல" என்பார்.

பாடும் முறை சுலபமானது. பாட்டில் எந்த எழுத்து எந்தச் சுரத்தில் வருகிறதோ, அந்தச் சுரத்துக்குரிய பிள்ளை அதைப் பாடிவிட்டு, சீட்டில் கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்கு அனுப்ப வேண்டும். இரண்டு வரிப் பாட்டு திங்கட்கிழமை புறப்பட்டால் வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்துவிடும். 'ரி'க்கு அம்மை போட்ட வாரத்தில் ஒரு பாட்டு பாதியில் நின்று, மறுமாதம்தான் முடிந்தது. பெற்றோர் அதையும் காத்திருந்து கேட்டோம்.

நாலு மாதம் என்றார் பெரியவர். மூன்றே மாதத்தில் என் மகள் சரியாகிவிட்டாள்.

ஒரு மத்தியானம் குழந்தை தூக்கத்துக்கு அழுதது. மகள் தொட்டிலருகே போய் நின்று, "ம... ம... ம..." என்றாள். குழந்தை அழுகையை நிறுத்தி அவளை ஒரு பார்வை பார்த்தது. பிறகு இரண்டு மடங்காக அழுதது.

"பழைய மாதிரி பாடேன்டி."

"மத்ததெல்லாம் என் பிரிவு இல்லம்மா. பாடினா அத்துமீறல்." பிறகு தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "தம்பி, உன் பாட்டு நிலுவையில இருக்கு. அழாதே."

தூங்காத குழந்தை பால் குடிக்காது. பால் குடிக்காத குழந்தை இளைக்காமல் என்ன செய்யும்? பட்டறையிலிருந்து வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"எல்லார் பிள்ளையும் அங்கதான் போகுது" என்றார் அவர். "நம்ம பிள்ளை மட்டும் முழுசாப் பாடிட்டுத் திரிஞ்சா நாலு பேர் என்ன சொல்வாங்க?"

அந்த நாலு பேரைக் கண்டால் எனக்கும் பயம். இருந்தாலும் குழந்தையின் கையைப் பார்த்தால் மனது கேட்கவில்லை. மூன்று தடவை மாடிப்படி ஏறிப் பாதியில் திரும்பினேன். நாலாவது தடவை உள்ளே போய்விட்டேன்.

"ஐயா, பிள்ளை வீட்டுல மட்டும் பழையபடி பாடலாம்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"குறையா? அதுக்குக் குறைதீர்ப்புப் பிரிவு இருக்கும்மா."

எழுந்து அதே மேசையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் உட்கார்ந்தார். "சொல்லுங்க, என்ன குறை?" என்றார், என்னை அப்போதுதான் பார்க்கிறவர் போல. திரும்பவும் சொன்னேன். எழுதிக்கொண்டார். "மேலிடத்துக்கு அனுப்பறேன்" என்று எழுந்து இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். தான் எழுதியதைத் தானே படித்தார். முகம் சுருங்கியது.

"யாரோ இப்படி ஒரு குறை அனுப்பியிருக்காங்கம்மா" என்று என்னிடமே வருத்தப்பட்டார். "இதையெல்லாம் ஏத்துக்க முடியாது."

இந்த நிலையில், பள்ளிக்கு அங்கீகாரம் தருவது குறித்து ஆய்வு செய்ய ஓர் அதிகாரி வரப்போவதாகத் தாக்கீது வந்தது. ஒரு பாட்டு முழுதாகக் கேட்பார், இல்லையென்றால் பள்ளியைப் பூட்டி முத்திரை வைப்பார். இருப்பதிலேயே சின்னப் பாட்டாக இருக்கட்டும் என்று, என் மகள் சேர்க்கையில் பாடிய தாலாட்டையே பெரியவர் தேர்ந்தெடுத்தார்.

அதிகாரி வந்தார். பெற்றோர் எல்லோரும் சுவரோரம் நின்றோம். என் தோளில் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

முதலில் 'ப' வரவில்லை. கன்னம் வீங்கிவிட்டதாம். பெரியவர் கலங்கவில்லை. ஒரு தாள் எடுத்து, 'ப' பிரிவின் கூடுதல் பொறுப்பு 'ம'வுக்கு இன்று மாலை ஐந்து மணி வரை வழங்கப்படுகிறது என்று எழுதி, முத்திரை குத்தி என் மகளிடம் கொடுத்தார். அவள் அதைத் தன் மேசையில் வைத்துக்கொண்டாள். அதற்குள் அதிகாரியின் மீசையைப் பார்த்து 'க' அழுதுவிட்டது. அதற்கும் ஒரு தாள். 'ரி' கழிவறைக்குப் போய் உள்ளே தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. 'த' ஊரில் இல்லை. 'நி' என்றைக்கும் கடைசியில்தான் வேலை என்பதால் பழக்கத்தில் தூங்கிவிட்டான். மிச்சம் இருந்தது 'ச'.

"நீயாவது பாடுப்பா" என்றார் பெரியவர்.

"'மேல் ச' எப்ப தருவீங்க?" என்றான் எதிர்வீட்டுப் பையன்.

"அதை அப்புறம் பேசலாம்."

"அப்ப நானும் அப்புறம் பாடறேன்." கையைக் கட்டிக்கொண்டு வாயை மூடிவிட்டான். அக்கா அவனைப் பெருமையோடு பார்த்தார்.

மணி நாலே முக்கால். பெரியவர் மேலும் நாலு தாள் எழுதினார். என் மகள் ஒவ்வொன்றிலும் முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றைத் திருப்பிக் கொடுத்து மறுபடி குத்தி வாங்கினாள். பிறகு ஆறையும் அடுக்கி, மேலே தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு, பாடினாள்.

மூன்று மாதமாக அடைத்து வைத்திருந்த பாட்டு. கூடமே அசையாமல் நின்றது. கீழே தையல் மிஷின் நின்றுபோனது. என் தோளில் குழந்தையின் தலை சாய்ந்து கனத்தது. நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பாட்டு முடிந்ததும் அதிகாரி தாள்களைக் கையில் எடுத்தார். ஆறையும் பத்து நிமிடம் படித்தார்.

"ஒரே பிள்ளை பாடியிருக்கே?"

"தற்காலிக ஏற்பாடுங்க. இனிமேல் இப்படி நடக்காது."

"நடக்கக் கூடாது. ஆனா ஆணையெல்லாம் ஒழுங்கா இருக்கு." அங்கீகாரத்தில் கையெழுத்துப் போட்டார்.

"பாட்டு எப்படிங்க இருந்தது?" பெரியவர் பணிவோடு கேட்டார்.

அதிகாரி படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அதுக்கு இதுல இடம் இல்லையே."

இனி எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் பாட்டையே சொல்லிக்கொடுக்கச் சொல்லுவார்கள் என்று நினைத்தேன். பெற்றோர் பெரியவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "எங்க பிள்ளைக்கும் கூடுதல் பொறுப்பு வேணும்" என்றார்கள். அங்கேயே கூடுதல் பொறுப்பு வகுப்பு ஒன்று அறிவிக்கப்பட்டது. ஏழு மேசையிலும் ஏழு வருடம் முடித்தவர்கள் சேரலாம்.

மறுநாள் மத்தியானம் குழந்தை அழுதது.

"பாடுடி. நேத்து பாடினியே."

"ஆணை அஞ்சு மணியோட முடிஞ்சதும்மா."

நான் படித்தது அஞ்சாவது வரை. ஆனாலும் அவள் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். எழுத்து மேலும் கீழும் போனது. 'இந்த வீட்டில் ஏழு சுரமும் உன் பொறுப்பு. இப்படிக்கு, அம்மா.'

அவள் வாங்கிப் படித்தாள். "முத்திரை எங்கம்மா?"

குழந்தையின் மருந்துப் பாட்டில் மூடியில் நீல மையைத் தடவி, தாளில் அழுத்தினேன். வட்டமாக, பல் பல்லாக, நன்றாகவே விழுந்தது. மகள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தொட்டிலுக்குப் போய் முழுப் பாட்டையும் பாடினாள். குழந்தை தூங்கியது. எழுந்து பால் குடித்தது.

மறுநாள் விடிந்ததும் கதவைத் தட்டும் சத்தம். திறந்தால் எதிர்வீட்டு அக்கா. அவருக்குப் பின்னால் படி வரைக்கும் நாலைந்து அம்மாக்கள்.

"ஏம்மா, உங்க வீட்ல முத்திரை இருக்காமே?" அக்காவின் குரல் அப்படித் தழைந்து நான் கேட்டதில்லை. "என் பையன் குளிக்கும்போதுகூட 'ச'வைத் தாண்ட மாட்டேங்கறான். ஒரே ஒரு தாள் போட்டுக் குடேன். தங்கமே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

உள்ளே தாளும் இருந்தது, மையும் இருந்தது. எழுத இரண்டு நிமிடம் போதும். நான்கு பேர் முன்னால் பேச நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு, அன்று வார்த்தை தானாக வந்தது.

"விண்ணப்பம் எழுதிட்டு வந்தீங்களா?"

"இல்லையே."

"அப்ப நாளைக்கு வாங்க."

அக்கா கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன். அவர் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது. பின்னால் நின்றவர்களிடம் திரும்பி, "பரவாயில்லப்பா, இங்க எல்லாம் முறைப்படி நடக்குது" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார்.