சத்தம் போடாத கம்ப்யூட்டர்

என் வாழ்க்கையில் நானே தீர ஆராய்ந்து எடுத்த முடிவு ஒன்றே ஒன்றுதான். படிப்பு நண்பன் சொல்லிச் சேர்ந்தது, வேலை மாமா சொல்லிக் கிடைத்தது. கம்ப்யூட்டரைக் குளிர வைக்க எந்தத் தண்ணீர் செட் வாங்குவது என்பதை மட்டும் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு நானே தீர்மானித்தேன். மானம் போனதும் அதில்தான்.

ஈப்போவில் வீட்டிலிருந்தபடியே, கட்டப்போகும் வீடுகளுக்குக் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுப்பது என் வேலை. உள்ளே இருக்கும் காற்றாடிகள் சுற்ற ஆரம்பித்தால் அரிசி மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். அடுப்படியிலிருந்து அம்மா எதைச் சொன்னாலும் அந்த இரைச்சலுக்கு மேல் கத்தித்தான் சொல்வார். (அப்படியும் நான் காதில் வாங்கியதில்லை.)

அப்போதுதான் லூமுட்டில் ஒரு பெண் இருப்பதாகத் தகவல் வந்தது. பெயர் கவிதா, ஆசிரியை. முதலில் வீடியோவில் பேசட்டும், பிடித்தால் நேரில் வரலாம் என்றார்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது. ஏற்கெனவே இரண்டு இடம் கைநழுவியிருந்தது. இந்த இரைச்சலில் மூன்றாவதும் போய்விடும் என்று உண்மையிலேயே பயந்தேன். (கைப்பேசியில் பேசியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.)

"பெரிய ரேடியேட்டரா எடு மச்சான். ஃபேன் மெதுவா சுத்தும், பீசிங் இருக்காது, சத்தமே வராது. அவ்ளோதான்லா," என்றான் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் குமரன்.

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டால் என் ஆராய்ச்சி என்னாவது? தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்களில் எது முனகுகிறது, எது முனகவில்லை என்று ஹெட்போன் மாட்டிக்கொண்டு வீடியோ வீடியோவாகக் கேட்டேன். கடைசியில் குமரன் சொன்ன அதே பெரிய செட்டைத்தான் வாங்கினேன். அது கம்ப்யூட்டர் பெட்டிக்குள் நுழையவில்லை. பெட்டியையும் மாற்றினேன். மாட்டி முடித்தால், பட்டினி கிடந்தவன் வயிறுபோலக் களக் களக்கென்றது.

"காத்து மாட்டிக்கிச்சுலா! ரேடியேட்டர மேல மாட்டு, பம்ப் அதுக்குக் கீழ இருக்கணும்," என்றான் குமரன்.

மாற்றி மாட்டினேன். சத்தம் நின்றது. காதை வைத்துப் பார்த்தேன், ஒன்றுமே கேட்கவில்லை. அன்று நான் நடந்த நடை இருக்கிறதே!

ஞாயிறு காலை அழைப்பு வந்தது. அம்மாவும் அக்காவும் நலம் விசாரித்துவிட்டு, "புள்ளைங்க பேசட்டும்," என்று அடுப்படிக்குப் போனார்கள். கவிதாவின் அப்பா, குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நாகரிகமாக நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். (எழுந்து போகவில்லை.)

"வீட்டு விஷயத்துல நான் ரொம்பப் பொறுப்புங்க," என்றேன்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல், பழைய மில் அளவிலேயே வந்தது: "மூணு மாசமா இந்தப் பைப்பு போச்சோர்! ஒழுகி ஊத்துது! ஐயா கம்ப்யூட்டருக்குத் தண்ணி மாட்டுறாரு, இங்க ஒரு வாஷர் மாட்டத் துப்பில்ல! இவன எவ கட்டிக்குவா?"

"மெதுவாம்மா, அவங்களுக்குக் கேட்டுறப் போவுது," என்றார் அக்கா.

"எங்க கேக்கும்? அவன் மெசின் சத்தத்துல இடி விழுந்தாலும் கேக்காது!"

திரையில் கவிதா உதட்டைக் கடித்துக்கொண்டார். அவருடைய அப்பா நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"தம்பி, எங்க ஒழுகுது? கைப்பிடியிலயா, மூக்குலயா?"

"தெ... தெரியலங்க."

"போய்ப் பாத்துட்டு வாங்க. நாங்க இருக்கோம்."

போனேன். பார்த்துவிட்டு மட்டும் வந்திருக்கலாம். பொறுப்பானவன் என்று காட்ட வேண்டுமே! ஸ்பேனரை எடுத்துத் திருகினேன். "மெயின மொதல்ல அடைங்க!" என்று லூமுட்டிலிருந்து வந்த கூச்சல் தெளிவாகக் கேட்டது. ஆனால் குழாயின் தலை ஏற்கெனவே என் கையில் இருந்தது. தண்ணீர் என் முகத்தில் இருந்தது.

புது பாத்தேக் சட்டை சொட்டச் சொட்ட மறுபடி கேமராவுக்கு முன் வந்து உட்கார்ந்தேன். அம்மா மேல் கோபம், குமரன் மேல் கோபம், அந்த ஊமைக் கம்ப்யூட்டர் மேல் அடங்காத கோபம். மூன்றாவது இடமும் போயிற்று என்று அழுகையே வந்துவிட்டது.

கவிதா சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "கம்ப்யூட்டருக்குள்ள ஒழுகுதாங்க?"

"இல்லங்க."

"பரவால்ல. ஒண்ணாவது ஒழுங்கா மாட்டியிருக்கீங்க. அம்மாவ மறுபடி கூப்பிடுங்க, பேசணும்."

கல்யாணமாகி ஐந்து வருடம் ஆகிறது. தீபாவளிக்கு லூமுட் போனால், மாமனார் வீட்டில் ஒழுகும் குழாய் ஒன்று தவறாமல் எனக்காகக் காத்திருக்கும். நான் ஸ்பேனரைத் தொட்டதும் குழந்தை குட்டிகள்வரை, "மெயின மொதல்ல அடைங்க!" என்று கத்துவார்கள்.

கம்ப்யூட்டர் இன்னும் மூச்சுக் காட்டாமல் ஓடுகிறது. அதனால் அம்மாவும் கவிதாவும் என்னைப் பற்றிப் பேசவேண்டுமென்றால் பிளெண்டரைத் தட்டிவிடுகிறார்கள். பிளெண்டர் ஓடினால் சட்னி வரும் என்று எதிர்பார்ப்பதை நான் விட்டுவிட்டேன்.