நாலாவது பத்தியில் விஷயம்

பக்கத்து அறைக்காரனிடம் சீப்பு இரவல் கேட்பதற்கு ஐந்து பத்தி எழுதக்கூடிய பிறவி மதுரை மாநகரத்திலேயே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது சிம்மக்கல்லில் நான் தங்கியிருந்த மேன்ஷனில் இருந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஆதார் அட்டையோடு சரி. எங்களுக்கு அவன் ‘லத்தீன்’.

எழுமலைப் பக்கத்துப் பையன். நடுக்காலத்து ஐரோப்பியர்கள் லத்தீன் மொழியில் எப்படிக் கடிதம் எழுதினார்கள் என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்துகொண்டிருந்தான். ஊரிலிருந்து பார்க்க வந்த அவன் அப்பா, கட்டிலில் உட்கார்ந்து நியாயமாகத்தான் கேட்டார்.

“ஏம்ப்பா, எழுதுனவனும் செத்துட்டான், வாங்குனவனும் செத்துட்டான். அடுத்தவுக லெட்டரப் பிரிச்சுப் படிக்கிறதுக்கா உன்னைய இம்புட்டுப் படிக்க வச்சேன்?”

அந்தக் கடிதங்களுக்கு ஐந்து உறுப்புகளாம். முதலில் வணக்கம். அடுத்து, படிப்பவர் மனம் குளிரப் புகழ்ச்சி. பிறகு நடந்த கதை. நாலாவதாகத்தான் கோரிக்கை. கடைசியில் முடிப்பு. ஆராய்ந்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அவன் வாட்ஸப்பிலும் அப்படியே எழுதினான்.

ஒருநாள் காலையில் குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கி உள்ளே மாட்டிக்கொண்டான். நல்லவேளையாகப் போன் கையில் இருந்தது. ‘நட்புக்கு இலக்கணமான அண்ணனுக்கு’ என்று எனக்கு ஒரு செய்தி வந்தது. வழக்கமான குட்மார்னிங் வகையறா என்று நினைத்து நான் பஸ் ஏறிவிட்டேன். கூட்டிப் பெருக்க வந்த அக்காதான் கதவை இடித்துத் திறந்துவிட்டார்.

“சத்தம் போட வேண்டியதுதானடா?” என்றேன் மாலையில்.

“எடுத்த எடுப்புல கதவத் தொறன்னா மருவாதியா இருக்காதுண்ணே. நாலாவது பத்தியில தெளிவாச் சொல்லியிருந்தேனே!”

அதிலிருந்து அவன் செய்தி வந்தால் நேரே நாலாவது பத்திக்குப் போக மேன்ஷனே பழகிக்கொண்டது.

பழகாத ஒரே ஆள் அவனுடைய கைடு. திருநகரில் பெரிய வீடு, அதைவிடப் பெரிய தலைக்கனம். ஆனால் லத்தீன் மொழி அத்துப்படி. ஆய்வேட்டைப் படித்துக் கையெழுத்துப் போடச் சொல்லி நம்மவன் அவருக்கு லத்தீனிலேயே கடிதம் எழுதுவான். அவர் இரண்டாவது உறுப்பை மட்டும் துறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, “புகழ்ச்சி உனக்கு நல்லா வருதுப்பா, இன்னொண்ணு எழுது” என்பார். ஆய்வேடு அவர் மேசையில் டீ டம்ளருக்கு அடியில் கிடந்தது. இப்படியே வருடங்கள் ஓடி, ஒப்படைக்க ஒரே வாரம் மிச்சமிருந்தது. தவறினால் பதிவு ரத்து. இத்தனை வருடப் படிப்பும் குப்பைக்கு.

“நறுக்குனு திட்டி எழுதுடா” என்றேன்.

“திட்டுறதுக்கும் ஒரு முறை இருக்குண்ணே.”

பகல் முழுக்க எழுதி, எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினான். அதே புகழ்ச்சி, அதே பல்லிளிப்பு, அதே கெஞ்சல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இதுல எங்கடா திட்டு இருக்கு?”

“இருக்குண்ணே. அவருக்கு மட்டும் தெரியும்.”

மறுநாளே கைடின் கார் மேன்ஷன் வாசலில் வந்து நின்றது. ஒரு கையில் கடிதமும் மறு கையில் ஆய்வேடுமாக மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

“என் பேருக்கு முன்னாடி உன் பேரா? எம்புட்டுத் திமிருடா உனக்கு!”

லுங்கியோடு கூடிய கூட்டம் திருதிருவென்று விழித்தது. அந்தக் காலத்து லத்தீன் கடிதங்களில் உயர்ந்தவர் பெயர்தான் முதலில் வருமாம். எழுதுகிறவன் தன் பெயரை முதலில் போட்டால், உன்னைவிட நான் பெரிய ஆள் என்று அர்த்தமாம். லத்தீன் எங்களுக்கு இதைப் பணிவாக விளக்கினான். மதுரை முழுக்கத் தேடினாலும் அந்த அவமானம் உறைக்கக்கூடிய ஆள் ஒருவர்தான். அவர் எங்கள் வராந்தாவில் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

“முறை தெரியாதவன் என்னத்தடா ஆராய்ச்சி பண்ணிக் கிழிச்சிருப்பே? இப்பப் பாரு” என்று கட்டிலில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

அன்பாகக் கேட்டபோதெல்லாம் திறக்காத ஆய்வேட்டைக் கோபத்தில் வரிவரியாகப் படித்தார். மதியத்துக்குப் பார்சல் சாப்பாடு வாங்கிக் கொடுத்தோம். இடது கையில் பக்கம் புரட்டிக்கொண்டே சாப்பிட்டார். பக்கங்கள் புரளப் புரளத் திட்டு குறைந்தது. வெயில் தாழ்ந்தபோது சட்டைப்பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்தார்.

“பேர் வரிசைய மாத்தி அவமானப்படுத்துறதப் பத்தி மூணாவது அத்தியாயத்துல நல்லாத்தான் எழுதியிருக்கே” என்று முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

லத்தீன் எழுந்து நின்றான். இன்றைக்கு ராத்திரி வரை புகழப்போகிறான் என்று நாங்கள் சுவரில் சாய்ந்து வசதியாக நின்றுகொண்டோம். “சார்” என்றான். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டான். அந்தக் கிறுக்கனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். அவன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் இருந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.